உப்பளத்து ஈஸ்ட்டை அரைத்தது போதும்

மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு புட்டித் தண்ணீராவது எடுத்துப் போகாத நுண்ணுயிரியல் துறை வட தமிழகத்தில் அபூர்வம். சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். பாத்தி வரப்பில் குனிந்து, கிருமி நீக்கிய புட்டியில் உப்பு நீரைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கல்லூரிக்கு வந்து அகார் தட்டில் தேய்த்தால் சில நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதில் லட்சணமான புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மரபணு வரிசை பார்க்க வெளியே அனுப்பி, வந்த பெயரைப் போட்டு, ஒரு வம்ச மரம் வரைந்து, கடைசியில் நாலு நோய்க்கிருமிகளுக்கு எதிராக வட்டம் விழுகிறதா என்று பார்த்துவிட்டால் ப்ராஜெக்ட் முடிந்தது. மரக்காணம் என்கிற ஊர் அந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியில் வரும்: மாதிரி எடுத்த இடம்.

இத்தனை ரிப்போர்ட்டுகளிலும் கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரில் அது எப்படி உயிரோடு இருக்கிறது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அது பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் வற்றி, போமே மானியில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. அந்த நிலையில் நீரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு உப்பு. ஊறுகாய் ஏன் கெடுவதில்லையோ அதே காரணத்தால் அங்கே எதுவும் பிழைக்கக் கூடாது. பிழைக்கிறது. அது மட்டுமா? ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பு வாருகிற வேலை நின்று, அதே பாத்தி சில நாட்களில் நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உப்பில் பிழைக்கப் பழகிய செல், உப்பு இல்லாமலும் பிழைத்தாக வேண்டும்.

வெளியே உப்பு ஏறினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஓடும். அதைத் தடுக்க ஈஸ்ட் தனக்குள் கிளிசராலை நிரப்பிக்கொள்கிறது. ஆமாம், மருந்துக் கடையில் விற்கும் அதே கிளிசரின்தான். கடல்நீரிலும் உப்பிட்ட பாலாடைக்கட்டியிலும் வாழும் டெபாரியோமைசிஸ் ஹான்சினியை என்கிற ஈஸ்ட் கிளிசராலோடு அராபினிடால் என்கிற இன்னொன்றையும் சேர்த்து வைக்கிறது. 1990-லேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் கார்பன்-13 காந்த ஒத்ததிர்வு கொண்டு இந்த இரண்டையும் பார்த்து எழுதிவிட்டார்கள். பேக்கரி ஈஸ்ட்டில் கிளிசராலுக்கென்றே ஒரு கதவு இருப்பதும் தெரிந்ததே. எஃப்.பி.எஸ்.1 என்று பெயர். உப்பு ஏறினால் மூடும், உப்பு இறங்கினால் திறந்து கிளிசராலை வெளியே விடும். மழை பெய்கிற அன்றைக்கு அந்தக் கதவு திறக்காவிட்டால் செல் தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும்.

(ஈஸ்ட் என்றாலே சாராயம் நினைவுக்கு வருபவர்களுக்கு, மரக்காணம் என்று சேர்த்துச் சொன்னதும் 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நடந்த சாவுகள் ஞாபகம் வரலாம். அங்கே உயிரைக் குடித்தது தொழிற்சாலை மெத்தனால். ஈஸ்ட் செய்வது எத்தனால். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் அவ்வளவுதான்.)

சரி, பெயர் வைப்பதோடு நிற்காமல் அடுத்த படிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? கொல்கிறார்கள். ஈஸ்ட்டை மையவிலக்கியில் சுற்றி அடியில் படியவைத்து, கழுவி, கொதிக்கும் எத்தனாலிலோ குளிர்ந்த மெத்தனாலிலோ அமிலத்திலோ போட்டு, கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, வடிகட்டிய சாற்றில் இன்னது இத்தனை என்று அளந்து, "செல்லுக்குள் இருக்கும் அளவு" என்று அட்டவணை போடுகிறார்கள். அந்தத் தலைப்பே பொய். அது செல்லுக்குள் இருந்த அளவு அல்ல. செத்த செல்லின் சாற்றில் மிஞ்சிய அளவு.

சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் செல்லில் ஏ.டி.பி. முழுவதும் செலவாகிப் புதிதாக உண்டாவதற்குச் சில வினாடிகள் போதும். மையவிலக்கியில் சுற்றுவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் முழுக்க செல் அடியில் நசுங்கி, காற்றின்றி, சர்க்கரையின்றிக் கிடக்கிறது. அதன்பிறகு அளக்கும் ஏ.டி.பி. யாருடைய ஏ.டி.பி.? இதனால்தான் ஈஸ்ட்டை நொடியில் உறையவைக்கும் முறைகளை ஆளுக்கொன்றாகத் தேடினார்கள். 1992-ல் டச்சுக்காரர்கள் குளிர்ந்த மெத்தனாலில் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் உள்ளிருப்பது வெளியே கசிகிறது என்று பிறகு சண்டை நடந்து, கசிவைத் தவிர்க்கும் முறை 2008-ல்தான் வந்தது. ஒரு நொடியை நிறுத்தி வைப்பதற்கு அந்தத் துறை பட்ட பாடு அத்தனை. ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கவனத்தில் பாதி கிடையாது.

உப்பளத்து ஈஸ்ட் என்றால் இன்னொரு வேடிக்கை. கழுவுவது! வெளியே ஒட்டியிருக்கும் உப்பு போகட்டும் என்று வாலை வடிநீரில் கழுவுகிறார்கள். ஈஸ்ட்டின் பார்வையில் அதுதான் மழை. கதவு திறக்கும், கிளிசரால் கழுவிய தண்ணீரோடு தொட்டிக்குள் போகும். பிறகு செல்லை அரைத்து, "இந்த இனத்தில் கிளிசரால் குறைவு" என்று முடிவு எழுதுவார்கள். எதை அளக்க வந்தார்களோ அதையே தொட்டியில் ஊற்றிவிட்டு எழுதும் முடிவு அது. அதே அடர்த்தி உப்பு நீரில்தான் கழுவ வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். செய்முறைக் குறிப்பேட்டில் அது எப்போதும் இருப்பதில்லை.

அரைத்தால் போகும் இன்னொரு விஷயம் இடம். செல் ஒரு பை அல்ல, அறைகள் கொண்ட வீடு. பேக்கரி ஈஸ்ட்டின் சைட்டோபிளாசம் ஏறக்குறைய நடுநிலை, பக்கத்து அறையான வாக்குவோல் அமிலம். மிக்சியில் போட்டு அடித்த பிறகு கூடத்தில் இருந்தது எது, அடுக்களையில் இருந்தது எது?

இதற்கு மாற்று இல்லையென்றால் இத்தனை சொல்வது வெட்டிப் பேச்சு. ஆனால் மாற்று ஐம்பது வருடமாக இருக்கிறது.

அணுக்கருக்களில் சில குட்டிக் காந்தங்கள் மாதிரி. பலமான காந்தப் புலத்துக்குள் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலைவரிசைக்குப் பதில் சொல்லும். அந்த அணு எந்த மூலக்கூறில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அலைவரிசை மிகச் சிறிதளவு நகரும். அந்த நகர்வை வைத்து இது கிளிசராலின் கார்பன், இது எத்தனாலின் கார்பன், இது ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். உச்சியின் பரப்பு, அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். செல்லை உடைக்க வேண்டாம், சாயம் போட வேண்டாம். ரேடியோ அலை அதைச் சுடுவதுமில்லை.

1975-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷுல்மன், செய்ஜி ஒகாவா குழுவினர் முழு ஈஸ்ட் செல்களைக் குழாயில் அடைத்து, பாஸ்பரஸ்-31 நிறமாலையைப் பிடித்தார்கள். (தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வகம்! எந்தத் தேர்வுக் குழுவும் "இது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லையே" என்று அவர்களைக் கேட்கவில்லை.) பாஸ்பேட் உச்சி அமிலத் தன்மைக்கு ஏற்ப இடம் மாறும், ஆகவே உயிருள்ள செல்லின் உள் பி.எச். அந்த உச்சி நிற்கும் இடத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஈஸ்ட் சேர்த்து வைக்கும் பாலிபாஸ்பேட்டும் தனியாகத் தெரிகிறது. 1979-ல் அதே வட்டாரத்து ஆட்கள் முதல் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸைக் கொடுத்து, அந்தக் கார்பன் எத்தனாலுக்கும் கிளிசராலுக்கும் போய்ச் சேருவதை உட்கார்ந்து பார்த்தார்கள். சர்க்கரை குறையக் குறைய எத்தனால் உச்சி எழும்புவது சினிமா மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக விழும். இந்த ஒகாவாதான் பின்னாளில், 1990-ல், மூளை வேலை செய்வதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வழி சொன்னவர்.

எம்.ஆர்.ஐ. என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூளையில் கட்டி என்று சந்தேகம் வந்தால், ஸ்கேன் எடுக்கும்போதே எம்.ஆர்.எஸ். என்று ஒன்றும் சேர்த்து எடுக்கச் சொல்வதுண்டு. கோலின் எவ்வளவு, கிரியேட்டின் எவ்வளவு, என்.ஏ.ஏ. எவ்வளவு என்று மண்டையைத் திறக்காமலே அளந்து சொல்கிறது அந்தக் கருவி. நோயாளியின் மூளையை அரைத்து அளக்கலாம் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. அதே இயற்பியல்தான். ஈஸ்ட்டுக்கு மட்டும் ஏன் அரவை? கோர்ட்டுக்குப் போகாது என்பதாலா?

உப்புக்கே வருவோம். 1982-ல் குப்தா என்கிற பெயர் கொண்ட இருவர் டிஸ்புரோசியம் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தி, செல்லுக்கு உள்ளே இருக்கும் சோடியத்தையும் வெளியே இருக்கும் சோடியத்தையும் தனித்தனி உச்சிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தச் சேர்மம் செல்லுக்குள் நுழையாது. ஆகவே வெளிச் சோடியத்தின் உச்சி மட்டும் தள்ளிப்போகும். மறுவருடமே, 1983-ல், ஈஸ்ட்டில் சோடியமும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எப்படி நடமாடுகின்றன என்ற ஆய்வு வந்துவிட்டது. உப்பில் வாழும் உயிர் எவ்வளவு உப்பை உள்ளே விடுகிறது என்பதைவிட உப்பளத்துக்குப் பொருத்தமான கேள்வி வேறு என்ன இருக்கிறது? நாற்பது வருடம் தாண்டியும் உப்பளத்து ப்ராஜெக்ட்டுகள் வட்டம் விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

டிஸ்கி: அரைப்பதே பாவம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நிறை நிறமாலைமானியில் சாற்றை ஏற்றினால் நூற்றுக்கணக்கான பொருள்கள் தெரியும், மிகக் குறைவாக இருப்பவைகூடத் தப்பாது. உயிருள்ள செல்லில் காந்த ஒத்ததிர்வு காட்டுவது நிறைய இருக்கும் சில பொருள்களைத்தான். லிட்டருக்கு மில்லிமோல் அளவில் இருந்தால்தான் அதன் காதில் விழும். மந்தக் காது. இதைச் சொல்லித்தான் அந்தக் கருவியை ஒதுக்குகிறார்கள்.

அந்த வாதம் வேறு எந்த உயிருக்குப் பொருந்தினாலும் உப்பளத்து ஈஸ்ட்டுக்குப் பொருந்தாது. அது உயிர் பிழைக்கும் வழியே ஒரு பொருளை மலைபோல் குவிப்பதுதான். உப்பு அதிகமான நீரில் அதன் கிளிசரால் மில்லிமோல் கணக்கில் நூற்றுக்கணக்காக ஏறும். இயற்கையில் கார்பனில் 1.1 சதவீதம்தான் கார்பன்-13. ஆனால் கிளிசரால் இத்தனை குவிந்திருக்கும்போது விலை உயர்ந்த அடையாளச் சர்க்கரைகூட முதல் பரிசோதனைக்குத் தேவையில்லை. பாஸ்பரஸுக்கு அந்தக் கவலையே கிடையாது, இயற்கையில் இருப்பது எல்லாமே பாஸ்பரஸ்-31தான். மந்தக் காதுக்காரனுக்கு ஏற்ற உரத்த குரல்காரன் மரக்காணத்தில் இருக்கிறான் என்றால், இருவரையும் சந்திக்க வைக்காமல் இருப்பது யார் குற்றம்?

உண்மையான சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஒன்று, உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கருவியின் சுருள் திணறும், குறி மங்கும். குளிரூட்டிய சுருள் இருக்கும் விலை உயர்ந்த கருவியில்தான் இந்தத் தொல்லை அதிகம். சாதாரணச் சுருளில் குறைவு, குழாயை ஒல்லியாக்கினால் இன்னும் குறைவு. ஏழைக் கருவிக்கு இங்கே கொஞ்சம் லாபம் என்பது ஓர் ஆறுதல். இரண்டு, டிஸ்புரோசியம் உத்தி கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த பாத்தி நீரில் கெட்டுப்போகும். ஆகவே பாத்தி நீரையே ஊற்றாமல், சோடியம் குளோரைடை அளந்து கலந்த நீரில், அதுவும் கடல்நீர் அளவில்தான் தொடங்க வேண்டும். மூன்று, உள்ளே இருக்கும் கிளிசராலும் வெளியே கசிந்த கிளிசராலும் ஒரே இடத்தில் உச்சி காட்டும். வெளித் திரவத்தைத் தனியாக எடுத்து அளந்து கழிக்கலாம். அல்லது செல்லுக்குள் அடைபட்ட மூலக்கூறு தாராளமாகப் பரவ முடியாது என்பதை வைத்து, பரவல் வேகத்தால் பிரிக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் காற்று பற்றியது. குறி தெரிய வேண்டுமென்றால் குழாயில் ஈஸ்ட்டைக் கூழ் மாதிரி அடைக்க வேண்டும். அந்தக் கூழ் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைச் சட்டென்று தீர்த்துவிடும். டெபாரியோமைசிஸுக்கோ காற்று கட்டாயம் வேண்டும். உயிரோடு அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மூச்சுத் திணறும் செல்லை அளந்தால், அரைப்பவரைத் திட்டும் யோக்கியதை போய்விடும். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: மெல்லிய குழல் வழியே ஆக்சிஜன் விடுவது, செல்லை ஜெல் மணிகளில் பதித்து மேலே புது நீரை ஓடவிடுவது. அல்ஜினேட் மணி உப்பு நீரில் சரிப்படாது, சோடியம் அதன் கால்சியத்தைத் தள்ளிவிட்டு மணியை இளக்கிவிடும். அகரோஸ் தாங்கும். கடற்பாசியிலிருந்து வருகிற பொருள்தான், ராமநாதபுரக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளின் தூரத்து உறவு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, நம்மூருக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. சூர்யன் என்பவர் ஓடும் திரவத்தில் காந்த ஒத்ததிர்வுக் குறி எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதினார். அந்தத் துறைக்கு பிளாக், பர்செல் இருவரும் நோபல் பரிசு வாங்கியதே 1952-ல்தான். ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் பார்க்கும் வேலைக்கு ஆதி முன்னோடிகளில் ஒன்றாக அந்தக் கட்டுரையைச் சொல்வார்கள். ஆக, ஆகும்.

கருவியும் தூரத்தில் இல்லை. மரக்காணத்திலிருந்து அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் சென்னையில் ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிறுவனம். இந்த இடங்களில் என்.எம்.ஆர். கருவிகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.யின் கருவிக்கூடம் வெளியார் மாதிரிகளையும் கட்டணத்துக்குப் பார்த்துக் கொடுக்கிறது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் இருந்த கருவி இன்றைய சாதாரண 400 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மேம்பட்டதல்ல. ஆனால் பொதுவாக எந்தக் கருவிக்கூடத்துக்குப் போனாலும் வரிசையில் நிற்பது வேதியியல்காரர்களின் புதுச் சேர்மங்கள். படிவம் கேட்பது: எந்தக் கரைப்பானில் கரையும்? "கரையாது, உயிரோடு இருக்கிறது" என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. காலையில் கொடுத்து மாலையில் தாளை வாங்கிப் போகும் ஏற்பாடு அது. உயிருள்ள செல்லுக்கு மாணவர் கூடவே உட்கார வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும், மூன்று மணி நேரம் கருவியை விட்டுக்கொடுக்க வேண்டும். கருவிக்கூடத்துக்குப் புது வழக்கம். வழிகாட்டும் பேராசிரியருக்கோ பக்கத்துத் துறைக்கு ஒரு போன். அந்த ஒரு போனைப் பேசாமல்தான் வருடா வருடம் ஒரே ப்ராஜெக்ட் வேறு வேறு அட்டை போட்டு வெளிவருகிறது.

சுலோவேனியா என்று ஒரு நாடு. அதன் கடற்கரை மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே செச்சோவ்லே என்ற உப்பளத்தில் கறுப்பு ஈஸ்ட்டுகள் வாழ்வதை லூப்லியானா ஆய்வாளர்கள் கண்டு 2000-ல் எழுதினார்கள். ஹார்ட்டேயா வெர்னெக்கியை அவற்றில் முக்கியமானது, ஏறக்குறைய உப்பு படியும் நீர் வரை தாங்கும். அவர்களும் பெயரில்தான் தொடங்கினார்கள். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. அது உள்ளே என்ன சேர்க்கிறது, உப்பை எப்படி உணர்கிறது, சவ்வு எப்படி மாறுகிறது என்று வருடக்கணக்கில் அதே உயிரைத் துரத்தி, 2013-ல் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட்டார்கள். இன்று உப்பில் வாழும் பூஞ்சை என்று உலகில் யார் பேசினாலும் அந்தச் சின்ன உப்பளத்தைச் சொல்லாமல் முடியாது. மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கழுவேலி இருக்கிறது, 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். ஒரு காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் சுட்டு வீழ்த்திப் பஞ்சடைத்துப் பெயர் எழுதுவதுதான். இப்போது தொலைநோக்கியோடு போய், உயிரோடு பறக்கும்போதே பார்த்து எழுதுகிறார்கள். வேலி தாண்டி உப்பளத்துக்குள் மட்டும் இன்னும் துப்பாக்கிக் காலம்.

முதல் பரிசோதனைக்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. மரக்காணத்தில் பிரித்து, பெயர் வைத்து, குளிர்பெட்டியில் தூங்கும் ஈஸ்ட் ஏதாவது ஒன்று போதும். 10 சதவீத உப்பில் வளர்த்து, அதே உப்பு நீரில் கழுவி, கூழாக்கி, ஒல்லிக் குழாயில் இறக்கி, ஆக்சிஜன் குழலைச் செருகி, சர்க்கரை கொடுத்து, கால் மணிக்கு ஒரு கார்பன்-13 நிறமாலை எடுக்க வேண்டும். கிளிசரால் 63-லும் 73-லும் இரண்டு உச்சிகளாக நிற்கும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஒரு மணி நேரம் கழித்து உப்பைப் பாதியாகக் குறைத்து, ஐப்பசி மழையைக் குழாய்க்குள் பெய்யவிட்டு, வெளித் திரவத்தை எடுத்து எடுத்து அளந்தால் உள்ளிருந்து எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வெளியேறியது என்று தெரியும். குழாயை வெளியே எடுத்ததும் ஒரு துளியை நீர்த்து அகார் தட்டில் தேய்த்து வைக்க மறக்கக் கூடாது. கருவிக்குள் இருந்தவை கடைசிவரை உயிரோடுதான் இருந்தனவா என்பது சில நாளில் முளைத்துத் தெரிந்துவிடும்.